ட்ரையத்லானா? சைக்கிள் கடைக்கு இப்போதே போகாதீர்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் அடுத்தடுத்து முடிப்பதுதான் ட்ரையத்லான். அந்த ஆசை வந்ததும் பலர் முதலில் போய் நிற்கும் இடம் சைக்கிள் கடை. எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகளும் "அக்கா, எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். "நீச்சல் தெரியுமா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். "ஊர்க் கிணத்துல குதிப்பேன்க்கா" என்று ஒரு பதில் வரும், இல்லையென்றால் வெறும் சிரிப்பு. சரி, அப்படியானால் சைக்கிள் பணம் பேங்கிலேயே இருக்கட்டும். முதல் மாதச் செலவு நீச்சல் குளக் கட்டணம், ஒரு காகிள்ஸ், ஒரு தொப்பி, அவ்வளவுதான்.

புதியவர்களுக்கு ஏற்றது ஸ்பிரின்ட் தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஓட முடியாவிட்டால் நடக்கலாம். சைக்கிளில் மூச்சு வாங்கினால் மிதிப்பதை நிறுத்திக் கொஞ்ச தூரம் உருளலாம். ஆழத் தண்ணீரில் அப்படி நினைத்த இடத்தில் நிற்க முடியாது. அதோடு, நீச்சல் கைவர மாதங்கள் ஆகும். அதனால் போட்டிக்கு ஐந்தாறு மாதம் முன்பே தண்ணீரில் இறங்கிவிடுங்கள். மற்ற இரண்டையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 என்ற நீண்ட தூர ட்ரையத்லானின் படங்களைப் பார்த்துவிட்டு நேரே அதற்குத் தாவ நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும், பெயர் வந்தது அப்படித்தான். முழு அயர்ன்மேன் அதைப் போல இரண்டு மடங்கு. 1978-ல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் தொடங்கியவர்களே 15 பேர்தான், முடித்தவர்கள் 12 பேர். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் நுழைந்த தூரம்கூட 1.5, 40, 10 கி.மீ.தான். முதல் வருடம் ஸ்பிரின்ட் போதும். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்தவர்கள் எதையும் தொடங்குவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

இனி தண்ணீர். சென்னையில் இருப்பவர்களுக்கு வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் 50 மீட்டர் குளம் இருக்கிறது. ஆனால் ஆரம்பத்துக்கு வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள 25 மீட்டர் குளமே நல்லது. தூரம் அதிகமானால் வாரத்தில் ஒருநாள் டிராஃபிக், ஒருநாள் மழை என்று வகுப்பு நழுவிக்கொண்டே போகும். பெண்களுக்கு ஒரு வார்த்தை: பல குளங்களில் பெண்களுக்குத் தனி நேரம் உண்டு, சில இடங்களில் பெண் பயிற்சியாளரும் இருப்பார், சேரும்போதே கேளுங்கள். காட்டன் துணியோடு உள்ளே விடமாட்டார்கள். முழுக்கை, முழங்காலுக்குக் கீழே வரும் நீச்சலுடைகள் கிடைக்கின்றன, கூச்சப்பட ஒன்றுமில்லை. தலைமுடியை முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டுத் தொப்பி போட்டால் குளோரின் அவ்வளவாக இழுக்காது.

முதல் பாடம் மூச்சு, கையும் காலும் அப்புறம். இடுப்பளவு தண்ணீரில் நின்று வாயால் மூச்சை இழுங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூக்காலும் வாயாலும் குமிழிகளாக மெதுவாக விடுங்கள். எழுந்து மறுபடி இழுங்கள். இதைச் சலிக்கும் வரை செய்ய வேண்டும். பெரும்பாலானோர் உள்ளே மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, தலையை வெளியே எடுத்த பிறகு விடவும் இழுக்கவும் ஒரே நேரத்தில் முயல்வார்கள். பத்து மீட்டரில் இரைக்கும். "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்பார்கள். குறை ஸ்டாமினாவில் இல்லை, உள்ளே விட வேண்டிய மூச்சை விடாததில்தான்.

அடுத்தது உடம்பைக் கிடையாக வைப்பது. தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகை மாதிரி. அதனால் பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும். மூச்சு எடுக்கும்போது தலையைத் தூக்காமல் உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஒரு கண்ணின் காகிள்ஸ் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் சரியாகத் திரும்புகிறீர்கள் என்று அர்த்தம். கை, தோளுக்கு நேராக முன்னே நுழையட்டும், தலைக்கு முன்னால் குறுக்கே போக வேண்டாம். காலை இடுப்பிலிருந்து லேசாக அடித்தால் போதும். எப்படியும் அந்தக் கால்கள் பிறகு சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் வேண்டும்.

தூரத்தைக் கூட்டுவது இப்படி: 25 மீட்டர் நீந்தி, மூச்சு அடங்கும் வரை சுவரைப் பிடித்து நின்று, மறுபடி 25. எட்டு முறை. அது சுலபமானதும் 50 மீட்டராக்குங்கள். பிறகு நிற்கும் நேரத்தைக் குறையுங்கள். வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள். 25 மீட்டர் குளத்தில் 30 நீளம் நிற்காமல் போக முடிந்தால் 750 வந்துவிட்டது. மேலே சொன்ன இந்த நீச்சல் முறை, அதாவது ஃப்ரீஸ்டைல், முழுதாக வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். பொதுவான ட்ரையத்லான் விதிப்படி எந்த முறையிலும் நீந்தலாம். களைத்தால் பாதையைக் காட்டப் போட்டிருக்கும் மிதவையைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்து முன்னே நகரத்தான் கூடாது.

பல போட்டிகளில் நீச்சல் கடலிலோ ஏரியிலோ இருக்கும். அங்கே தரையில் கோடு கிடையாது. எட்டுப் பத்து கைவீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே தூக்கி மிதவையைப் பார்த்துக்கொள்ளப் பழகுங்கள், இதைக் குளத்திலேயே செய்யலாம். நம் சென்னைக் கரையில் ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் நீரின் இழுப்பு அதிகம். தனியாக எப்போதும் இறங்காதீர்கள். இடம் தெரிந்த குழுவோடு, பாதுகாப்புக்குப் படகோ சர்ஃப் பலகையோ கூட வரும்போது மட்டும் போங்கள். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகிவிட்டு அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும்.

இப்போது சைக்கிள். வீட்டில் மகனுடைய கியர் சைக்கிள் இருந்தால் அதுவே முதல் போட்டிக்குப் போதும், பிரேக் இரண்டும் பிடித்தால் சரி. நான் பார்த்தவரை கால்வலிக்காரர்கள் பலருக்கும் சீட் உயரம்தான் பிரச்சினை. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். பிறகு கியர். கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பவர்களின் தொடை ஓட்டத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். லேசான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வருமாறு மிதியுங்கள். ஒரு காலை மட்டும் அரை நிமிடம் எண்ணினால் 40-க்கு மேல் வர வேண்டும்.

நாங்கள் ஓட்டுவது ஈ.சி.ஆர். எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பக்கம் போய்த் திரும்பினால் தேவையான தூரம் தாராளமாகக் கிடைக்கும். விடிவதற்குள் கிளம்பி ஏழரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதற்கப்புறம் வெயிலும் பேருந்துகளும் சேர்ந்துகொள்ளும். பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட், காதில் ஹெட்போன் கூடாது. அந்த நேரத்தில் பங்க்சர் கடை திறந்திருக்காது. ஒரு டியூப், டயரைக் கழற்ற இரண்டு லீவர், சின்ன பம்பு வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருமுறை டியூப் மாற்றிப் பாருங்கள். ஒரு கையை விட்டுத் தண்ணீர் குடிக்கவும், தடுமாறாமல் திரும்பிப் பார்க்கவும் காலி மைதானத்தில் பழகுங்கள்.

ஓட்டத்துக்கு அதிகம் சொல்ல வேண்டாம். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்கி, நடையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். காசு செலவழிப்பதென்றால் ஷூவில் செலவழியுங்கள், மாலையில் கால் கொஞ்சம் வீங்கிய நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றையும் ஒரு வாரத்துக்குள் எப்படி அடக்குவது? வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: செவ்வாய், வியாழன் நீச்சல். புதன், வெள்ளி காலை அரைமணி ஓட்டம். சனி சைக்கிள். ஞாயிறு வீட்டு வேலையும் தூக்கமும். திங்கள் மூன்றாவது நீச்சல், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். வாரத்துக்கு வாரம் மொத்த நேரத்தைக் கொஞ்சமாகவே கூட்டுங்கள், நாலாவது வாரம் குறையுங்கள். கடைசி இரண்டு மாதம் சனிக்கிழமை சைக்கிளை நிறுத்தியதும் பத்து நிமிடம் ஓடுங்கள். இதற்கு பிரிக் என்று பெயர். முதல் தடவை கால் யாருடையதோ மாதிரி இருக்கும். சில நிமிடத்தில் சரியாகிவிடும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டால் போட்டியன்று பதற்றம் இருக்காது.

கிளம்புமுன் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். இட்லிக்குச் சாம்பார் வேண்டாம், காரணத்தை ஓடும்போது வயிறே சொல்லும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீரும் கடலை மிட்டாயும் கொண்டுபோங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் குடித்ததற்கு மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று பொருள். ஏப்ரல், மே மாதங்களில் தலை சுற்றினாலோ, வெயிலில் குளிரெடுத்தாலோ அப்போதே நிறுத்திவிட்டு நிழலுக்குப் போங்கள், தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சு குழறினால் ஆஸ்பத்திரிதான்.

போட்டியில் நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், பிறகு ஓட்டத்துக்கும் மாறும் இடத்தை டிரான்சிஷன் என்பார்கள். அதை அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் ஒத்திகை பாருங்கள், வாட்ச்மேன் சிரித்தால் சிரிக்கட்டும். ஹெல்மெட்டைக் கவிழ்த்து ஹேண்டில்பாரில் வையுங்கள், ஷூ கீழே துண்டின் மேல். கட்டாய விதி ஒன்று: ஹெல்மெட் பக்கிளைப் போட்ட பிறகுதான் சைக்கிளை அது நிறுத்தியிருக்கும் ரேக்கிலிருந்து எடுக்க வேண்டும், திரும்பி வந்து ரேக்கில் வைத்த பிறகுதான் பக்கிளைக் கழற்ற வேண்டும். சைக்கிளில் இன்னொருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதும் நம்மைப் போன்றவர்களின் போட்டிகளில் பொதுவாகத் தடை.

நீச்சல் தொடங்கும்போது ஓரமாக, பின்னால் நில்லுங்கள். முன்வரிசை போன பிறகு பத்து விநாடி கழித்துக் கிளம்பினால் யார் காலும் முகத்தில் படாது. எண் அட்டையை பெல்ட்டில் மாட்டினால் சைக்கிளில் பின்பக்கமும் ஓட்டத்தில் முன்பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். முடிந்ததும் அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் எண்ணும் சைக்கிளில் ஒட்டிய எண்ணும் ஒத்துப்போனால்தான் வாசலில் நிற்பவர் சைக்கிளை வெளியே விடுவார்.