எடின்பரோவின் கோடையை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்

ஜூலையில் மூன்று நாள் எடின்பரோ போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, 'கோடை' என்ற சொல்லை நம்புவது. ஸ்காட்லாந்தின் தலைநகரில் அந்த மாதத்தின் பகல் வெப்பம் சராசரியாக 19 டிகிரி செல்சியஸ்தான். இரவில் 11 அளவுக்கு இறங்கிவிடும். கையில்லாத லினன் சட்டையும் மெல்லிய பாவாடையும் கண்ணாடி முன் அழகாகத்தான் இருக்கும். கோட்டை வாசலில் நிற்கும்போது பல் கிட்டிக்கொள்ளும்.

அடுத்தது, மழைதான் எதிரி என்று நினைப்பது. எடின்பரோவில் ஓராண்டில் பெய்யும் மழை, சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான். அதுவும் கொட்டித் தீர்க்காது. தூறும், நிற்கும், வெயில் அடிக்கும், மறுபடி தூறும். உண்மையான வில்லன் காற்று. பழைய நகரின் குறுகிய சந்துகளிலிருந்து அது பாய்ந்து வந்தால் குடை தாமரைபோல மேல்நோக்கி விரிந்துவிடும். கம்பி முறிந்த குடைகளை அங்குள்ள குப்பைத்தொட்டிகளில் தாராளமாகப் பார்க்கலாம். குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு, தலைமூடி உள்ள நல்ல மழைக்கோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் அழகாக உடுத்த விரும்புகிறவர்கள் சறுக்குகிறார்கள். பணத்தையெல்லாம் உள்ளே போடும் உடைகளில் கொட்டிவிட்டு, மேலே போட்டுக்கொள்ள மலிவான பிளாஸ்டிக் உறை ஒன்றை மடித்து வைப்பார்கள். ஊர் திரும்பிப் படங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் அந்த உறைதான் இருக்கும். எடின்பரோவில் உங்களைப் பற்றி உலகம் பார்ப்பது மேல்கோட்டு ஒன்றை மட்டுமே. ஆகவே செலவு செய்ய வேண்டியதும் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அதைத்தான். சாம்பல் நிறக் கல் கட்டடங்களுக்கு முன்னால் கடுகு மஞ்சளோ ஆழ்ந்த சிவப்போ எடுப்பாக இருக்கும் என்பது என் எண்ணம். உள்ளே ஒரு பருத்திச் சட்டை, மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், கழுத்துக்கு ஒரு ஸ்கார்ஃப் போதும். ஜீன்ஸ் நனைந்தால் லேசில் உலராது. ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

காலணியைப் பற்றி ஒரே வரி: ராயல் மைல் தெருவில் பதித்திருக்கும் கற்கள் குதிகால் செருப்பை மன்னிக்காது.

வானிலைச் செயலியில் மழைப் படத்தைப் பார்த்ததும் அன்றைய நாளையே கைவிடுவது இன்னொரு தவறு. அந்த நாளை மணி மணியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தூறினால் சேம்பர்ஸ் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடலாம்; நுழைவுக் கட்டணம் இல்லை. வானம் வெளுத்ததும் ஆர்தர்ஸ் சீட் ஏறலாம். 251 மீட்டர் உயரமுள்ள, அணைந்துபோன எரிமலை அது. மழை நின்ற கையோடு ஓடாதீர்கள், பாறை வழுக்கும். சில நாட்களில் வடகடலிலிருந்து குளிர்ந்த மூடுபனி ஊருக்குள் வரும். உள்ளூர்க்காரர்கள் அதை 'ஹார்' என்பார்கள். சற்றுமுன் தெரிந்த மலையே காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட நேரத்தில் உச்சிக்கு ஏறிக் காட்சி தேடுவது வீண். டீன் வில்லேஜின் ஆற்றங்கரையில் நடந்தால் அதே பனி அழகு.

ஆகஸ்டில் போகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அழையா விருந்தாளிகளாக வந்த எட்டு நாடகக் குழுக்கள் 1947இல் தொடங்கிவைத்த ஃபிரிஞ்ச் விழா அந்த மாதத்தில்தான் நடக்கிறது. அறை வாடகை எகிறிவிடும், உணவகங்களில் இடம் கிடைக்காது. நாடகம் பார்க்கும் எண்ணம் இல்லையென்றால் ஜூனே மேல். ஜூன் கடைசியில் இரவு பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. பகல் முழுவதும் நனைந்திருந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு கால்டன் ஹில்லுக்கு ஏறிவிடலாம், கோட்டு மட்டும் கையில் இருந்தால்.