காயலான் கடையில் காந்தம் இருக்கிறது

ஜியோகேஷிங் என்பது ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு. அதற்குச் சின்ன டப்பா ஒளித்து வைக்க ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதாது. பக்கத்தில் ஒரு லாரி போனாலே விழுந்துவிடும்.

வேலூரில் இருப்பவர்கள் காயலான் கடையில் பழுதான ஹார்ட் டிஸ்க் கேட்டுப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க்தான் நல்லது, லேப்டாப்பில் வருவதில் காந்தம் சிறியது. மூடியைக் கழற்ற நட்சத்திர முனை ஸ்குரு டிரைவர் வேண்டும், பெரும்பாலும் டி8. லேபிளுக்கு அடியிலும் ஒரு திருகு ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு நான் அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன்! உள்ளே பிறை வடிவில் இருப்பதுதான் நியோடிமியம் என்ற வலுவான வகைக் காந்தம். அதை நெம்பினால் உடையும், இரும்புத் தகட்டோடே டப்பாவில் ஒட்டிவிடுங்கள். விரல் ஜாக்கிரதை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், குழந்தைகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நம் ஊர் கத்திரி வெயில் காந்தத்தை ஒன்றும் செய்யாது, சாதாரண வகையே 80 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பசைதான் இளகும். ஹாட் குளூ வேண்டாம், எம்-சீல் போடுங்கள்.

அப்புறம், கோட்டைப் பக்கம் போகாதீர்கள். கருங்கல்லில் காந்தம் ஒட்டாது, அது தொல்லியல் துறை இடமும்கூட.