ஸ்பேசரின் உள் நட்டை ஆர் பார்க்கிறது?

போன கிழமை கோண்டாவிலில் ஒரு கராஜில் நின்றேன். ஒரு பெடியன் ஹைலக்ஸின் பின்சில்லுக்கு ஸ்பேசர், அதாவது சில்லை வெளியே தள்ளி வைக்க உள்ளே போடும் தடித்த தட்டு, பூட்டிக்கொண்டிருந்தான். எயார் கன்னால் ஆறு நட்டையும் டர்ரென்று ஓட்டினான். சில்லை மாட்டி மற்ற ஆறையும் அப்படியே ஓட்டினான். "சரி அண்ணை, முடிஞ்சுது." ஒருகாலத்தில் நானும் அப்படித்தான் சொன்னனான்.

அளவு பிழைத்து வாங்குவதைப் பற்றி எழுதப்போவதில்லை. 6 துளை, துளை வட்டத்தின் விட்டம் 139.7 மில்லி உள்ள வண்டிக்கு வேறு அளவு ஸ்பேசர் ஏறவே ஏறாது. பக்கத்துக்கு 25 மில்லி போட்டால் பின்னகலம் 50 மில்லி கூடும், அதுவும் தெரிந்ததுதான்.

உள் நட்

போல்ட் போட்டுப் பூட்டும் ஸ்பேசரில் இரண்டு வரிசை நட் இருக்கு. முதல் வரிசை ஸ்பேசரை ஹப்போடு, அதாவது சில்லு பூட்டும் அச்சுத் தலையோடு, பிடிக்கும். இரண்டாவது, சில்லை ஸ்பேசரோடு பிடிக்கும். சில்லை மாட்டியதும் முதல் வரிசை கண்ணுக்குத் தெரியாது. வினையே அங்கேதான்.

சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போன ஒரு நாள், ஆனையிறவு தாண்டியதும் பின்னால் 'டக்... டக்...' என்று கேட்டது. பிரேக் பிடிக்கும்போதும் வண்டி எடுக்கும்போதும் மட்டும். இறங்கி சில்லு நட்டுகளை ஸ்பானரால் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. புரொப்பெல்லர் ஜொயின்ட்டாக இருக்கும் என்று நினைத்து ஓட்டினேன். கிளிநொச்சியில் ஜக் அடித்துச் சில்லைக் கழட்டினால் இரண்டு ஸ்டட் (ஹப்பில் நட் ஏறும் புரிக்கம்பி) முறிந்து கிடக்கு, ஒரு நட் உள்ளுக்குள் உருண்டு திரியுது, ஸ்பேசரின் துளைகள் முட்டை வடிவம். சில்லு இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஆடிக்கொண்டிருந்த ஸ்பேசரோடு!

ஸ்டட் மாற்ற அச்சை இழுத்தெடுக்க வேண்டி வந்தது. அதோடு ஓயில் சீலும் போச்சு. இரண்டு நாள் பாரம் தார்ப்பாயின் கீழ் வெந்தது.

காரணம் ஹப் முகத்திலிருந்த துரு. பண்ணைப் பாலத்தால் ஓடித் திரியும் வண்டிக்கு உப்புக்காற்று விடாது; துரு கச்சான் தோல்மாதிரிப் படைபடையாக ஏறும். அதன்மேல் ஸ்பேசரை இறுக்கினால், ஓட ஓட அந்தப் படை பொடியாகும். மயிரிழை அளவு தடிப்புக் குறைந்தாலே போதும், ஸ்டட்டின் இழுவிசை போய்விடும். பாரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் உடம்பு இல்லை. இரண்டு முகங்களும் நெரிந்து பிடிக்கிற பிடிதான். அது தளர்ந்தால் ஸ்டட் பக்கவாட்டில் வளைந்து வளைந்து முறியும்.

ஆகவே வயர் பிரஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். நட்டைக் கையால் தொடங்கி, எதிரெதிராக, டோர்க் ரெஞ்ச்சால் (எவ்வளவு இறுகியது என்று காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். ஹைலக்ஸ் போன்றவற்றின் 12 மில்லி ஸ்டட்டுக்கு 105 நியூட்டன் மீட்டர் அளவு. 100 கிலோமீட்டர் ஓடியபிறகு சில்லைக் கழட்டி உள் நட்டைத் திரும்பப் பாருங்கள். வெளி நட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு "செக் பண்ணினனான்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு இன்றைக்கும் கதைக்க ஏலாது.

நடுத்துளை

ஹைலக்ஸ் ஹப்பின் நடுக்குமிழுக்கு ஏற்ற துளை 106 மில்லி. லேத்தில் கண்மட்டத்துக்குக் கடைந்த ஸ்பேசரில் துளை பெருத்திருந்தால் சில்லு நடுவில் உட்காராது, வேகம் எடுக்கும்போது நடுங்கும். வாங்க முதல் வேர்னியர் வைத்துப் பாருங்கள்.

சும்மா தட்டு

பழைய ஸ்டட்டிலேயே செருகும் தட்டு ஸ்பேசர் என்றால் நட் குறைந்தது எட்டுச் சுற்று ஏறவேண்டும். ஏறாவிட்டால் வேண்டாம்.

ஸ்டட் நுனி

ஸ்பேசரைத் தாண்டி ஹப் ஸ்டட்டின் நுனி நீட்டிக்கொண்டிருக்க, ரிம்மின் பின்பக்கத்தில் குழி இல்லாவிட்டால் சில்லு ஸ்பேசரின் முகத்தில் படியாது. நேர்கோல் வைத்தால் தெரியும்.

கிரீஸ்

முகத்திலும் வேண்டாம், புரியிலும் வேண்டாம்.

கூடப் பாரம்

அகலம் கூடினால் ஆட்டம் குறையும், ஆனால் தாங்கும் பாரம் கூடிவிடாது. பெயாரிங்குக்கு உதை இன்னும் கூடத்தான்.

கோண்டாவில் பெடியனிடம் சில்லைக் கழட்டச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கழட்டினான். ஸ்பேசரை இழுத்தால் ஹப்பில் செம்மண் நிறத்தில் பொடி. வயர் பிரஷ் எங்கே தம்பி என்றேன். அதை ஆரோ கொண்டுபோயிட்டாங்களாம்.