பழைய டர்ட் பைக் வாங்கியாச்சா? முதலில் சேர்க்க வேண்டிய கருவிகளும் பொருட்களும்

செகண்ட் ஹேண்ட் டர்ட் பைக் வீட்டுக்கு வந்ததும் உடனே கிக்கரை உதைத்து மண்ணில் இறக்கத்தான் கை பரபரக்கும். ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு வைத்திருந்தவர் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார், ஏர் ஃபில்டரைக் கழுவினாரா, எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்கினார் என்று உங்களுக்கு எதுவும் தெரியாது. அதனால் இந்தக் கருவிகளுக்கு முதல் வேலை பழுது பார்ப்பது இல்லை. வண்டியின் பழைய கதையை நீங்களே கண்டுபிடிக்க உதவுவதுதான். கருவிகளை எந்த வரிசையில் வாங்குவது என்பதையும் இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

படி 1: மேனுவலும் மணி எண்ணும் மீட்டரும்

உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய மேனுவலை முதலில் தேடி எடுங்கள். பல கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலேயே இலவசமாகக் கொடுக்கின்றன. எந்த ஆயில், எத்தனை மில்லி, எந்த நட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் (எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவு) என்ற பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து, வண்டி நிற்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

டர்ட் பைக்குக்கு சர்வீஸ் கணக்கு பெரும்பாலும் கிலோமீட்டரில் இல்லை, மணியில். இஞ்சின் ஓடிய மணியை எண்ண, பிளக் ஒயரில் சுற்றிக் கட்டும் சின்ன ‘அவர் மீட்டர்’ (hour meter) ஒன்று போதும். நீங்கள் வாங்கிய நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணத் தொடங்குங்கள்.

படி 2: தூக்கி நிறுத்தி, கழுவுங்கள்

இரண்டு சக்கரமும் தரையில் படாமல் வண்டியை அடியிலிருந்து தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டு ஒன்று வேண்டும். அது இல்லாமல் செயினோ ஸ்போக்கோ பார்க்க முடியாது. அப்புறம் வாளி, இரண்டு பிரஷ், சைலன்சர் வாயை அடைக்க ரப்பர் பிளக். பிரஷர் வாஷர் இருந்தால் சக்கர பேரிங், ஹேண்டில் பேரிங் பக்கம் நேராகப் பீய்ச்ச வேண்டாம். சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும்.

சேறு போன பிறகுதான் உண்மை தெரியும். ஆயில் எங்கே கசிகிறது, எந்த போல்ட் காணவில்லை, ஃபிரேமில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

படி 3: ஸ்பேனர்கள்

நூற்றைம்பது துண்டு இருக்கும் பெரிய பெட்டி தேவையே இல்லை. ஜப்பான் வண்டி என்றால் 8, 10, 12, 14, 17 மி.மீ. சாக்கெட்டுகளே பெரும்பாலான வேலையை முடித்துவிடும். கேடிஎம் போன்ற ஐரோப்பிய வண்டிக்கு 13 மி.மீ. சாக்கெட்டும், நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்டுகளும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை உள்ளது பழைய போல்ட்டின் மூலைகளை மழுக்கிவிடும். 8, 10, 12 அளவுகளில் டி வடிவக் கைப்பிடி ஸ்பேனர்கள் இருந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும். பின்சக்கர ஆக்சில் நட்டு 27 அல்லது 32 மி.மீ. என்று பெரிதாக இருக்கும், அளந்து பார்த்து வாங்குங்கள். ஆலன் கீ செட், பிளக் ஸ்பேனர் இரண்டும் கட்டாயம்.

ஒரு விஷயத்தைப் பலர் சொல்வதில்லை. ஜப்பான் வண்டிகளில் கூட்டல் குறி போலத் தெரியும் ஸ்க்ரூக்கள் பல, சாதாரண பிலிப்ஸ் வகை இல்லை, ஜேஐஎஸ் என்ற ஜப்பான் அளவு. பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் நழுவி, தலையை வழித்துவிடும். கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தின் நான்கு ஸ்க்ரூவில் ஒன்றை நான் இப்படித்தான் கெடுத்தேன். கடைசியில் தலையில் அரத்தால் கோடு போட்டு, தட்டை ஸ்க்ரூடிரைவரால் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் வாங்கியிருந்தால் அந்த வேலையே வந்திருக்காது.

எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைத் தள்ளிப்போடாதீர்கள். இஞ்சின் உடல் அலுமினியம், போல்ட் இரும்பு. கொஞ்சம் அதிகம் முறுக்கினால் மரை அப்படியே உரிந்து வந்துவிடும். சின்ன போல்ட்டுகளுக்கு 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சிறிய ரெஞ்சை முதலில் வாங்கலாம், பெரியது பிறகு.

படி 4: ஏர் ஃபில்டர்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். டர்ட் பைக் இஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் மண்தான். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே போகும் நுண்மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

சீட்டைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுங்கள். உள்ளே இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் தெரியும். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி அதன் உட்சுவரைத் துடையுங்கள். துணியில் பழுப்புக் கறை படிந்து, விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்க்கும்போது நறநறவென்றால், இஞ்சின் மண் தின்றிருக்கிறது. அப்படியென்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

தேவையான பொருட்கள்: ஃபில்டர் கிளீனர், ஃபோம் ஃபில்டருக்கு என்றே விற்கும் ஒட்டும் ஆயில், நைட்ரைல் கையுறை, ஒரு வாளி, கொஞ்சம் கிரீஸ். பெட்ரோலில் கழுவாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் ஒரு பக்கம், ஃபோம் ஒட்டிய பசை கரைந்து பிரிவது இன்னொரு பக்கம். கழுவும்போது துணி மாதிரி முறுக்காமல் அமுக்கிப் பிழியுங்கள். முழுசாகக் காய்ந்த பிறகு ஆயிலை ஊற்றி, நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும்வரை பிசையுங்கள். வெளுத்த திட்டு தெரிந்தால் அங்கே ஆயில் சேரவில்லை, தூசி அதன் வழியே போகும். மாட்டும் முன் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூச்சு.

கையில் இரண்டு மூன்று ஃபில்டர் இருப்பது நல்லது. ஒன்று காயும்போது இன்னொன்று தயாராக இருக்கும்.

படி 5: ஆயில்

நான்கு ஸ்ட்ரோக் என்றால் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2 என்ற பைக் ஆயில் தரக் குறி) என்று இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. எரிபொருள் மிச்சம் என்று போட்டிருக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். சில மாடல்களில் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில், மேனுவலில் பாருங்கள்.

வடிதட்டு, புனல், அளவுக் குவளை, புது ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் வேண்டும். பழைய ஆயிலைத் தட்டில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் உள்ளே தண்ணீரோ கூலண்டோ போயிருக்கிறது. டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் கொஞ்சம் சாம்பல் நிறக் கூழ் ஒட்டியிருக்கும், அது சாதாரணம். நகத்தில் தட்டுப்படும் துண்டுகள் இருந்தால் சாதாரணம் இல்லை. பழைய ஆயிலை மண்ணில் கொட்டாமல் மூடிய டப்பாவில் சேர்த்து, எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் என்றால் டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். அதில் ஆயில் கலந்திருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது, ஆயில் இல்லாத பெட்ரோலில் ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 40க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி, 32க்கு 1 என்றால் சுமார் 31 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் கோடு போட்ட குவளையில் அளந்து ஊற்றுங்கள்.

படி 6: செயின், டயர், ஸ்போக்

செயினை மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துத் துடைத்து, செயினுக்கான லூப்ரிகண்ட் அடியுங்கள். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், செயினுக்கு லூப்ரிகண்ட் ஆகாது. பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் சுற்றும் பல்சக்கரம்) பின்பக்கம் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டர்ட் டயருக்குக் காற்று பெரும்பாலும் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. சாதாரண கேஜில் அந்த அளவு சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் வாங்குங்கள். கூடவே டயர் லீவர் மூன்று, ஒரு டியூப், பம்பு.

ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். தளர்ந்ததை ஸ்போக் ரெஞ்சால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள், அதற்கு மேல் ஒரே நேரத்தில் போனால் ரிம் கோணும்.

படி 7: அலமாரியில் இருக்க வேண்டியவை

நீல நிற திரெட்லாக்கர் (போல்ட் தளராமல் இருக்க மரையில் தடவும் பசை), தண்ணீர் தாங்கும் கிரீஸ், மேனுவல் சொல்லும் பிரேக் ஃபுளூயிட் (பெரும்பாலும் டாட் 4, மூடி திறந்த பாட்டில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பழையதை ஊற்ற வேண்டாம்), கூலண்ட், ஸ்பேர் பிளக், செயின் மாஸ்டர் லிங்க் (செயினின் இரு முனையையும் இணைக்கும் கண்ணி), கேபிள் டை, பழைய துணி. நான்கு ஸ்ட்ரோக்குக்கு வால்வு இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ். ஹைட்ராலிக் கிளட்ச் இருந்தால் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சிலவற்றுக்கு மினரல் ஆயில், அதில் பிரேக் ஃபுளூயிட் ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுவிடும்.

சரி, இப்போது ஓட்டலாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து ஸ்போக், ஆக்சில் நட்டு, ஸ்பிராக்கெட் போல்ட்டுகள் மூன்றையும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். முதல் ஓட்டத்தில்தான் அவை தளரும்.