பூல் க்யூவுக்கு 3/8-10 இணைப்புப் பின் கடைதல்

இரு துண்டுகளாகப் பிரியும் பூல் க்யூவில், அதாவது பூல் ஆட்டக் கோலில், கைப்பிடித் தண்டையும் பந்தை இடிக்கும் முன்துண்டான மேப்பிள் மர ஷாஃப்டையும் பிணைப்பது மரையிட்ட ஒரு பின். க்யூ கைவினைஞர் ஜார்ஜ் பாலபுஷ்காவின் க்யூக்களால் பெயர்பெற்ற 5/16-14 (விட்டம் 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை) எஃகு இணைப்பில், ஷாஃப்டின் முனையிலிருந்து நீளும் குட்டையான முளை எஃகு வளையத்துக்குள் இறுக அமர்ந்து மையத்தைக் காக்கிறது. மரமும் மரமும் நேராக முட்டும் 3/8-10 இணைப்பில் அந்தத் துணை கிடையாது. அங்கே பின்னின் மரையடி ஷாஃப்டின் துளைச்சுவரை ஒட்டி அமர்ந்தால்தான் க்யூ நேராக நிற்கும். ஆகவே மரை முகடுகளின் வெளிவிட்டத்தை விட, மரைப்பள்ளங்களின் அடியில் அளக்கும் அடிவிட்டத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

இம்மரையின் வெளிவிட்டம் 9.525 மி.மீ., பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) 2.54 மி.மீ. வழக்கமான 60 பாகை மரையாக முழு ஆழத்துக்கு வெட்டினால் அடிவிட்டம் சுமார் 6.4 மி.மீ.க்கு இறங்கி, மரத்துக்கும் உலோகத்துக்கும் இடையே வெற்றிடம் விழுந்துவிடும். எனவே அடியைத் தட்டையாக விட்டு, 7.6 முதல் 7.8 மி.மீ. வரை நிறுத்துகிறார்கள். ஷாஃப்டின் துளைக்குள் மரை வெட்டக் கையிலுள்ள டேப் என்னும் கருவியையும் அதற்கான துளையையும் முதலில் அளந்துவிட்டுப் பின்னை அதற்கேற்பக் கடைவதே அறிவுடைமை, ஏனெனில் டேப்பை மாற்றியமைக்க முடியாது.

பின்னுக்கான பொருளைப் பொறுத்தவரை, 303 வகைத் துருப்பிடிக்காத எஃகில் கந்தகம் கலந்திருப்பதால் சீவல் எளிதாக உடையும். 304 வெட்ட வெட்ட இறுகி டூலைத் தின்னும். கண்ணாடியிழையாலான ஜி10 எடை குறைவானது, ஆனால் அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசமும் உறிஞ்சியும் இன்றித் தொடக்கூடாது.

கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து, முனையில் மையத்துளையிட்டு, அம்முனையை டெயில்ஸ்டாக்கால் (எதிர்முனைத் தாங்கி) தாங்கி, வெளிவிட்டத்தை 9.5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் கடைந்து, மரை முடியும் இடத்தில் அடிவிட்ட ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டுங்கள். மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீள்திருகான லீட் ஸ்க்ரூ மெட்ரிக் என்றால் 2.54 பிட்ச்சைத் துல்லியமாகப் பெற 127 பல் சக்கரம் வழக்கமாகத் தேவைப்படும். மரை முடியும் வரை, லீட் ஸ்க்ரூவைப் பற்றும் ஹாஃப் நட்டைத் திறக்காமல், டூலை வெளியே இழுத்துவிட்டு ஸ்பிண்டிலைப் பின்னோக்கிச் சுழற்றித் திரும்ப வேண்டும். மரையின் அடித்தட்டு ஏறத்தாழ 1.2 மி.மீ. அகலம் வரும். அவ்வளவு அகலமான மூக்குள்ள டூலை நேராகச் செலுத்தினால் மெல்லிய கம்பி அதிரும், மேற்பரப்பு அலையலையாகிவிடும். 0.8 மி.மீ. மூக்குள்ள டூலால் ஆழத்தை எட்டிய பின்னர், அச்சுக்கு இணையாக வைத்த காம்பவுண்ட் ஸ்லைடை (டூலைத் தாங்கும் மேல் சறுக்கி) 0.4 மி.மீ. நகர்த்தி மறுபக்கச் சரிவைச் சீவுவது என் அனுபவத்தில் மேல். குறைந்த வேகமும் கந்தகம் கலந்த வெட்டெண்ணெயும் போதும். கடைசி இரண்டு வெட்டுகளை ஆழம் கூட்டாமலே ஓட்டுங்கள்.

பின்னில், கைப்பிடித் தண்டுக்குள் ஒட்டப்படும் பாதியில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் வெட்டினால் எப்பாக்ஸிப் பசையும் சிக்கிய காற்றும் வெளியேறும். இல்லாவிடில் பின் முழுதாக இறங்காது. கைப்பிடித் தண்டின் துளையை ட்ரில்லோடு நிறுத்தாமல், துளையின் உட்சுவரைக் கடையும் போரிங் பாரால் முடிக்க வேண்டும், ஏனெனில் ட்ரில் மரவரியைப் பின்தொடர்ந்து விலகிவிடும். பசை இறுகியதும் சுழலும்போது பின் மையத்திலிருந்து விலகும் அளவான ஓட்டத்தை டயல் இண்டிகேட்டரில் (முள் காட்டும் அளவி) 0.02 மி.மீ.க்குள் கொண்டுவந்து, அந்த நிலையிலேயே இணைப்பு முகத்தைச் சீவுங்கள். ஷாஃப்ட் விரல்களால் லேசான உராய்வோடு ஏற வேண்டும். முகங்கள் முட்டுவதற்கு முன்பே பக்கவாட்டில் ஆடினால் அடிவிட்டம் சிறுத்துவிட்டது, அந்தப் பின்னைக் கழித்துவிட்டு வேறொன்று கடைய வேண்டியதுதான்.