வெளிவராத நாவலைக் கூடிப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தி. நகர் நடேசன் பூங்காவில் எங்கள் வாசிப்புக் குழு கூடியது. அடுத்து வரவிருக்கும் ஒரு நாவலை வாரத்துக்கு ஐந்து அத்தியாயம் என்று சேர்ந்து படிப்பதாகத் திட்டம். புதிதாக ஆறு பேர் வந்திருந்தார்கள். நான் ஒன்பது வருடமாகத் தவணை முறையில் செய்த தவறுகளை அந்த ஆறு பேரும் மொத்தமாக ஒரே மாதத்தில் செய்து முடிக்கத் தயாராக இருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

படிக்காமல் வருவது, பாதியில் எழுந்து போவது, அடுத்தவர் பேசும்போது குறுக்கே பாய்வது, இதையெல்லாம் நான் சொல்லி யாரும் திருந்தப்போவதில்லை. விட்டுவிடுகிறேன்.

'கண்காட்சிக்கு வந்துவிடும்' என்பதை நம்பித் தேதி குறிப்பது

தமிழில் புது நாவல் என்றால் பெரும்பாலும் ஜனவரிதான். 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சிதான் நம் பதிப்பாளர்களுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம். டிசம்பரில் அச்சகங்களில் வேலை குவிந்து கிடக்கும். அட்டைப்படம் வந்திருக்கும், முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்துப் பணமும் வாங்கியிருப்பார்கள், புத்தகம் மட்டும் பைண்டிங்கில் இருக்கும். ஒருமுறை கண்காட்சியின் கடைசி நாள் மாலை, நந்தனம் மைதானத்தில் பசை வாசனை போகாத புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் குழுவோ அதற்கு இரண்டு வாரம் முன்பே 'முதல் கூட்டம்' போட்டு, படிக்க ஒன்றுமில்லாமல் அட்டைப்படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, பஜ்ஜி தின்றுவிட்டுக் கலைந்திருந்தது. அதில் நான்கு பேர் அப்புறம் வரவே இல்லை.

பாதிப் பேர் கைக்காவது புத்தகம் வந்த பிறகு தேதி குறியுங்கள்.

பக்க எண் சொல்லிப் பேசுவது

அத்தியாயம் சொல்லுங்கள். மெய்ப்பில், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கிற பிரதியில், 112-ஆம் பக்கம் அச்சில் 97 ஆகிவிடும்.

மெய்ப்புப் பிரதியை 'உனக்கு மட்டும்' என்று அனுப்புவது

அன்றைக்குப் பூங்காவில், கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போகும்போது, ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "அக்கா, பிடிஎஃப் இருந்தா தட்டி விடுங்களேன்." நல்ல பையன். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. காரணம் அவர் இல்லை, நான்தான்.

2019 கடைசியில் ஓர் எழுத்தாளர் தன் நாவலின் மெய்ப்பை எங்கள் குழுவில் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினார். அச்சுக்குப் போக ஒரு மாதம் இருந்தது. படித்துவிட்டுப் பிழை இருந்தால் சொல்லுங்கள், எங்கே இழுக்கிறது என்று சொல்லுங்கள், வெளியே போக வேண்டாம். அவ்வளவுதான் கேட்டார். எல்லாரும் தலையாட்டினோம்.

கோயம்புத்தூரில் என் பெரியம்மா மகள் கால் முறிந்து படுத்திருந்தாள். பொழுது போகவில்லை என்று புலம்பினாள். 'உனக்கு மட்டும்' என்று எழுதி அனுப்பினேன். அவளும் யாருக்கோ அதே இரண்டு வார்த்தையை எழுதித்தான் அனுப்பியிருக்கிறாள். நான்காம் நாள் அந்த பிடிஎஃப் ஊர் பேர் தெரியாத ஒரு சேனலில் கிடந்தது. யாருடைய பிரதி என்று துப்புத் துலக்கத் தேவையே இல்லை. 31-ஆம் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழையை நான் மஞ்சளில் அடித்து, பக்கத்தில் 'ப் வரணும்' என்று எழுதியிருந்தேன். என் தமிழறிவைக் காட்டிய அந்த மஞ்சள் கோடுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: தமிழில் ஒரு நாவல் முதலில் சில நூறு படிகள்தான் அச்சாகிறது. 400 ரூபாய்ப் புத்தகத்துக்கு வழக்கமான 10 சதவீத ராயல்டி என்றால் எழுத்தாளருக்கு 40 ரூபாய். எத்தனை படி போடுவது என்பதையே பதிப்பாளர் முன்பதிவை வைத்துத்தான் முடிவு செய்கிறார். அந்த முன்பதிவு நடக்கும் நேரத்தில் புத்தகம் இலவசமாகச் சுற்றினால் கணக்கு அங்கேயே படுத்துவிடும்.

நம்மில் பலருக்கு இது தவறென்றே உறைப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாரதி தொடங்கி எத்தனையோ பேருடைய எழுத்து நாட்டுடைமை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் பழைய நூல்களை முறையாகவே இலவசமாக இறக்கிப் படித்துப் பழகிவிட்டோம். தமிழ்ப் புத்தகம் என்றாலே எங்கேயாவது பிடிஎஃப் இருக்கும் என்று கை தானாகத் தேடுகிறது. நாட்டுடைமை வேறு, உயிரோடு இருப்பவர் எழுதி இன்னும் கடைக்கே வராத நாவல் வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கிறது. தெரிந்தே மீறினால் மூன்று ஆண்டு வரை சிறைகூட உண்டு.

சரி, பணத்தையும் சட்டத்தையும் ஓரமாக வையுங்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுவது வேறு. அந்த எழுத்தாளர் மெய்ப்புக்குப் பிறகு கடைசி அத்தியாயத்தை முழுதாக மாற்றி எழுதினார். மெய்ப்பில் அப்பாவும் மகளும் ரயில் நிலையத்தில் சமாதானமாகிறார்கள். அச்சில் மகள் வரவே இல்லை. எனக்குத் தெரிந்து அவர் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவை. ஆனால் சுற்றிக்கொண்டிருப்பது பழைய முடிவுதான். இரண்டு வருடம் கழித்து வேறொரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கடைசியில் சினிமா மாதிரி ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து முடித்துவிட்டார்" என்று பத்து நிமிடம் நாவலைக் கிழித்தார். அவர் கிழித்தது அந்த நாவலையே இல்லை. எழுத்தாளர் வேண்டாம் என்று தூக்கிப்போட்ட பக்கங்களை. அதை அவர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

எழுத்தாளர் என்னைத் திட்டவில்லை. போனில் சொன்னது இவ்வளவுதான்: "31-ஆம் பக்கத்துல அந்த ஒத்தப் போட்டுட்டேங்க." அதன் பிறகு எங்கள் குழுவுக்கு யாரும் மெய்ப்பு அனுப்பியதில்லை.

எழுத்தாளரை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது

அவர் இருந்தால் ஒருவரும் மனதில் பட்டதைப் பேச மாட்டார்கள். 'அருமை, அருமை' என்று கைகூப்பும் பொம்மைகளாக வந்து விழும். எங்கள் குழுவில் ஒருமுறை மூன்றாம் அத்தியாயம் புரியவில்லை என்று ஒருவர் எழுத, எழுத்தாளரே வந்து அரைப் பக்கம் விளக்கம் கொடுத்தார். அதோடு அந்த அத்தியாயத்தைப் பற்றிய பேச்சு முடிந்துபோயிற்று. கடைசிக் கூட்டத்துக்கு அழையுங்கள், போதும்.

பின்னட்டைக் குறிப்பை முதலில் படிப்பது

வேண்டாம்.

முந்திப் படித்துவிட்டுக் கோடி காட்டுவது

வாரப் பத்திரிகைத் தொடர்கதை வந்த காலத்தில், எங்கள் வீட்டில் அத்தைதான் பத்திரிகையை முதலில் பிரிப்பார். சாப்பாட்டு நேரத்தில், "பாவம் அந்தப் பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வார். அந்த ஒரு வரியில் மற்ற ஐந்து பேருக்கும் அந்த வாரம் வீண். முந்திப் படிப்பதில் தப்பில்லை. 'ஒன்பதாவது அத்தியாயம் வரட்டும், பேசலாம்' என்று கண்ணடிப்பதும் கதையைச் சொல்வதுதான்.

இரவல் கொடுப்பது

பிடிஎஃப் கேட்ட தம்பிக்கு, முடிவு மாறிய அந்தப் பழைய நாவலின் என் அச்சுப் பிரதியைக் கொடுத்தேன். மூன்று வாரமாகிறது. இன்னும் திரும்பி வரவில்லை.