ட்யூட்டி முடிந்தும் கடையில் இருப்பவர்களுக்கு விதி எழுதுவது எப்படி

தி. நகர் ஜவுளிக் கடைகளில் எனக்குப் பதினாறு வருடம் ஓடிவிட்டது. சேல்ஸ் கேர்ளாகச் சேர்ந்தேன், இப்போது ஃப்ளோர் சூப்பர்வைசர். கடை நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: "வேலை முடிந்தவர்கள் உள்ளே இருக்கக் கூடாது" என்று ஒரே வரியில் நோட்டீஸ் ஒட்டிவிடாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு, அண்ணன் பைக்கில் வரும்வரை ஒரு பெண் உஸ்மான் ரோட்டில் எங்கே நிற்பாள்?

முதலில், யார் எதற்காகத் தங்குகிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். எங்கள் கடையில் ஸ்டாஃப் ரூம், ஒரு மணி நேரம் வரை. ஃபேன், தண்ணி கேன், செல் சார்ஜ் போட பிளக் பாயிண்ட் இருந்தால் போதும். தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தம் வேலை நேரத்திலேயே உட்கார இருக்கை தரச் சொல்கிறது. வேலை முடித்தவளை நிற்கவைப்பது எந்த ஊர் நியாயம்?

விற்பனைத் தளத்தில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. வேறொரு கடையில் இருந்தபோது, பஞ்ச் அவுட் செய்துவிட்டு, அதாவது வேலை முடிந்த நேரத்தைப் பதிந்துவிட்டு, பட்டு செக்‌ஷன் தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். "சும்மாதானே இருக்க, இதையெல்லாம் மடிச்சு வச்சிடும்மா" என்பார் செக்‌ஷன் மேனேஜர். பட்டுச் சேலையை அவசரத்தில் மடிக்க முடியாது. கரையோடு கரை சேர்த்து, ஜரிகை மடங்காமல் நீவி, முந்தானையை மேலே வரவைத்துப் பெட்டிக்குள் இறக்க வேண்டும். தீபாவளி மாதத்தில் தினமும் முப்பது, நாற்பது சேலை. ஒரு பைசா வந்ததில்லை.

1947-ம் வருட தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது, ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். அதற்கு மேல் வேலை வாங்குவது மட்டுமல்ல, செய்ய விடுவதும் தப்பு. "அவளாகத்தான் செய்தாள்" என்று சொல்லித் தப்ப முடியாது. அதனால் விதியில் இப்படி எழுதுங்கள்: "பஞ்ச் அவுட் செய்தவரிடம் யாரும் வேலை சொல்லக் கூடாது. சொன்னால், மறுபடி பஞ்ச் செய்து ஓ.டி. எழுத வேண்டும்." இதில் மேனேஜர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மதிய இடைவேளைக்கும் இதே விதிதான். சாப்பிடுகிறவரை கஸ்டமர் வந்தார் என்று எழுப்பாதீர்கள்.

குடோனில் படுத்துத் தூங்க மட்டும் யாருக்கும் அனுமதி வேண்டாம். 2017 மே 31 அதிகாலை இதே தி. நகரில் ஒரு ஜவுளிக் கடைக் கட்டிடம் தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள்தான் மீட்டார்கள்.

தங்குகிறவர் பெயர், வந்த நேரம், கிளம்பிய நேரம் மூன்றையும் கேட் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஷட்டரை இறக்கும் முன் செக்யூரிட்டி அண்ணன் அதைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் பூட்டக் கூடாது. பாத்ரூம் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.